பேனரில் ஏறிய நம்பர்

பெரியப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது படாளம் கூட்ரோட்டில் எல்லாருக்கும் தெரியும். டீக்கடைக்காரர், பஞ்சர் ஒட்டுகிறவர், செங்கல்பட்டு பஸ்ஸுக்காக நிற்கிற காலேஜ் பெண்கள் வரைக்கும். ரத்தப் பரிசோதனை முடிந்து வேனை ஓரங்கட்டி இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவார். "முந்நூத்தி பத்து கீதுபா. டாக்டரம்மா வாயில வந்ததெல்லாம் சொல்லி அனுப்பிச்சி." கேட்டவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் டீக்கடைக்காரர் சர்க்கரை போடாத டீயை எடுத்து நீட்டுவார். பெரியப்பா அதை ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கர போடுபா, மனுசன் குடிக்கறதா இது" என்பார்.

சொந்தப் பெரியப்பா கிடையாது. என்னோடு படித்தவனின் அப்பா. முதல் முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது 'அங்கிள்' என்று கூப்பிட்டுத் தொலைத்தேன். "இன்னாது அங்கிளா? நான் இன்னா பேன்ட் போட்டுகினு ஆபீஸுக்கா போறேன்? பெரீப்பான்னு கூப்புடு" என்றார். அப்புறம் அரை மணி நேரத்தில் அவருக்கும் பெரியம்மாவுக்கும் அன்று காலை எதற்குச் சண்டை வந்தது, அவர் தம்பி எந்த வயலை எதற்காகப் பிரித்துக் கேட்கிறான், மூலத்துக்கு எந்த வைத்தியர் நல்லவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். உள்ளேயிருந்து பெரியம்மா, "வந்த புள்ளைக்கி தண்ணி குடுத்தியா முதல்ல?" என்று சத்தம் போட்டாள்.

நான் வளர்ந்தது அணுபுரத்தில், கல்பாக்கம் அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸில். எங்கள் வீட்டில் அப்பா வேலையில் என்ன செய்கிறார் என்று அம்மாகூடக் கேட்டதில்லை. நாங்கள் பக்கத்து வீட்டில் என்ன மார்க் என்று கேட்டால்கூட "பாஸ்" என்று மட்டும் சொல்லிப் பழகிய பிள்ளைகள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து போன எனக்கு, பெரியப்பா வீடு முதலில் கூச்சமாகவும் பிறகு ரொம்பப் பிடித்ததாகவும் ஆனது. அங்கே உட்கார்ந்தால் எதையும் யூகிக்க வேண்டியதில்லை. கோபம் வந்தால் தெரியும், கையில் காசில்லை என்றால் தெரியும், நம் மேல் பிரியம் என்றால் அதையும் நேராக மூஞ்சியைப் பார்த்துச் சொல்வார்.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். அவர் அவிழ்த்து வைப்பதெல்லாம் தன் மூட்டையைத்தான். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலைக்குத் தினமும் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன் அவருடையது. வண்டிக்குள் எத்தனையோ கதை ஓடும், அழுகை ஓடும். அதில் ஒரு வரியைக்கூட அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கேட்டால், "அது அவங்க வூட்டு விசயம்டா" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். தன் விஷயம், பெண்டாட்டி விஷயம், பிள்ளை விஷயம், இந்த மூன்றுக்கும்தான் கதவு கிடையாது.

ஒரு தடவை செங்கல்பட்டில் ஏடிஎம்மில் பணம் எடுக்க என்னையும் கூட்டிப்போனார். கண்ணாடி எடுத்துவர மறந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவரைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, இந்த நம்பர கொஞ்சம் அமுக்கேன்" என்று நான்கு எண்ணையும் உரக்கச் சொன்னார். வெளியே வந்ததும் நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"மூடி வெச்சாதாண்டா திருடனுக்கு ஆச வரும். தொறந்து கெடந்தா இன்னாத்த எடுப்பான்?"

இதுதான் அவருடைய கொள்கை. வேன் சாவி வேனிலேயே தொங்கும். பீரோச் சாவி பீரோவிலேயே இருக்கும். பல வருடம் அப்படித்தான் ஓடியது, ஒரு துரும்பும் காணாமல் போனதில்லை. அதனால் அவர் சொல்வது சரிதானோ என்று எனக்கே தோன்றியதுண்டு.

நானும் அவர் மகனும் மேல்படிப்புக்கு அமெரிக்காவில் ஒரே பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கினோம். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் வேனில் ஏற்றி மாமல்லபுரம் அழைத்துப்போனார். கடற்கரையில் வறுத்த மீன் வாங்கித் தந்தார். மீன் வறுத்த அம்மாவிடம் சொன்னார், சங்கு விற்கிறவரிடம் சொன்னார், குதிரைக்காரரிடம் சொன்னார். கோயில் பக்கம் தொப்பி போட்டு நின்ற ஒரு வெள்ளைக்காரத் தம்பதியையும் விடவில்லை. "மை சன். அமெரிக்கா. நெக்ஸ்ட் வீக்." அவர்கள் தாங்கள் போலந்து என்று சொல்லிப் பார்த்தார்கள். "அங்க பாத்தா கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டு, நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்தப் படம், 'எங்கள் அமெரிக்க நண்பர்கள்' என்ற தலைப்போடு.

நண்பனுக்கு அன்று கோபம் வரவில்லை. வெட்கப்பட்டான், ஆனால் சிரித்துக்கொண்டேதான் வெட்கப்பட்டான். "எங்கப்பன் வாய மூடறதுக்கு ஒரு மெஷின் கண்டுபுடிக்கத்தான் அமெரிக்கா போறேன்டா" என்றான். பெரியப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

அங்கே போய் இறங்கியதும் முதலில் இடறியது சோஷியல் செக்யூரிட்டி நம்பர். அந்த ஊரில் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. வீடு வாடகைக்குக் கேட்டால் அந்த நம்பர், போன் வாங்கக் கேட்டால் அந்த நம்பர், சம்பளத்துக்கும் வரிக்கும் அதேதான். படிக்கப் போன வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் சும்மா தரமாட்டார்கள். காலேஜுக்குள்ளேயே ஒரு வேலை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படிப்போடு சேர்ந்த இன்டர்ன்ஷிப் கிடைக்க வேண்டும். கம்பெனி ஆஃபர் கொடுத்து, காலேஜில் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆபீஸ் அனுமதி போட்டு, அதையும் பாஸ்போர்ட்டையும் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆபீஸில் போய் நின்றால், அப்புறம் தபாலில் ஒரு அட்டை வரும். எனக்கு நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலை கிடைத்துச் சீக்கிரம் வந்துவிட்டது. அவனுக்கு வேலை ஒன்றும் அமையவில்லை. கோடையில்தான் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது.

அதுவரைக்கும் பெரியப்பா தினமும் போனில் கேட்பது ஒன்றுதான். "நம்பர் வந்துதாடா?"

ஸ்பீக்கரில் போட்டு அவன் ஒரு நாள் பொறுமையாக விளக்கினான். நான் பக்கத்தில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆதாரு மாதிரியாடா?"

"அப்படித்தான்னு வெச்சிக்கோப்பா."

"அப்ப போன ஒடனே குடுக்க வேண்டியதுதான? உனக்கு மட்டும் இன்னா லேட்டு?"

"வேலை செய்யறவனுக்குத்தாம்பா குடுப்பாங்க. இன்டர்ன்ஷிப்பு கெடைச்சதாலதான் இப்ப எனக்கே குடுக்கறாங்க."

அந்தப் பக்கத்திலிருந்து குரல் மாறி வந்தது.

"அட போடா. அப்ப ஆதாரு மாதிரி இல்ல இது. ஆதாரு படுத்துகினு கீறவனுக்கும் குடுக்கறான். இது ஒழைக்கறவனா பாத்து கவுருமெண்டே குடுக்கறது. மெடலுடா இது!"

நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

அட்டை வந்த அன்று, கண்ணால் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார். அவன் படம் எடுத்து அனுப்பினான். அதில் எங்களுக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. ஆதார், மார்க் ஷீட், பாஸ்போர்ட் என்று வாழ்நாள் முழுக்க எதையெதையோ ஜெராக்ஸ் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பாவுக்கு அனுப்புவதில் என்ன?

நான்கு நாள் கழித்து ஒரு காலையில் அவன் கட்டிலில் உட்கார்ந்தபடியே, "டேய், இங்க வா" என்றான். குரலே சரியில்லை. போனை நீட்டினான்.

ஜிஎஸ்டி ரோட்டில், படாளம் நிறுத்தத்துக்கு எதிரே, மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் ஒரு பேனர். மேல் மூலையில் திருப்போரூர் முருகன். நடுவில் கோட் போட்ட என் நண்பன். கீழே வரிசையாகச் சித்தப்பா, மாமன், அத்தை மகன்கள், இரண்டு பேர் காதில் போனோடு. 'அமெரிக்க அரசே உழைப்பைப் பாராட்டி நம்பர் வழங்கிய எங்கள் குலவிளக்கே, வருக வெல்க.' அதற்குக் கீழே, தேர்தலில் சின்னம் போடுகிற அளவுக்குப் பெரிதாக, அட்டையில் இருந்த ஒன்பது இலக்கமும்.

பேனருக்கு முன்னால் பெரியப்பா, வெள்ளை வேட்டியில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் யார் முகத்திலும் பார்த்ததில்லை. பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். அதைச் சொல்ல இப்போது கூசுகிறது.

நண்பன் போன் போட்டுக் கத்தினான். அப்பாவிடம் அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"அத மறச்சி வெக்கறதுக்கு அது இன்னாடா திருட்டு சொத்தா?" என்று அவரும் திருப்பிக் கத்தினார். இந்த நம்பர் கிடைத்தால் இங்கே எவனும் என் பெயரில் கடன் வாங்கலாம், வேலைக்குச் சேரலாம், நான்தான் மாட்டுவேன் என்று இவன் அழுதுகொண்டே சொல்லச் சொல்ல, அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில், "இர்றா, தோ போறேன்" என்று வைத்துவிட்டார். பெரியம்மா பிறகு சொன்னாள். ஏணிக்குக்கூடக் காத்திருக்காமல் வேன் மேலே ஏறி நின்று, வேனுக்குப் போடும் கிரீஸை அள்ளி முதலில் அந்த எண்கள் மேல் அப்பினாராம். அப்புறம்தான் கயிற்றை அறுத்தாராம். வேட்டி முழுக்கக் கறை.

பேனர் இறங்கிவிட்டது. ஆனால் அதற்குள் அத்தனை சொந்தக்காரர்களும் அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போட்டிருந்தார்கள். அவர் ஒவ்வொருவர் வீடாகப் போய் நின்று, போனை வாங்கி, தன் கண்ணெதிரில் அழிக்கச் சொன்னார். அப்படிச் சுற்றி வந்தவரைப் பார்த்து ஊரே சிரித்தது.

ஒரு வருடம் ஒன்றும் ஆகவில்லை. படிப்பு முடிந்தது. எனக்கும் அவனுக்கும் ஆளுக்கொரு நல்ல கம்பெனியில் வேலையும் கிடைத்தது. அவன் சேருவதற்கு முன்னால் அவன் கம்பெனியில் பின்னணி விசாரித்தார்கள். அவன் காலே வைக்காத ஒரு மாநிலத்தில், ஏதோ ஒரு கிடங்கில், அவன் நம்பரில் ஒருவன் மாதக்கணக்காகச் சம்பளம் வாங்கியிருந்தான். இரண்டு இடத்தில் கடனும் நிலுவையில் இருந்தது. அனுமதியில்லாமல் வேலை செய்தாயா என்று கேட்டார்கள். அது நானில்லை என்றான். நிரூபி என்றார்கள். கம்பெனி கையைக் கழுவிவிட்டது.

போலீஸுக்குப் போனான், அந்த ஆபீஸ், இந்த ஆபீஸ் என்று அலைந்தான். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். சரியாகிவிடும், மாதங்கள் ஆகும் என்றார்கள். அவனிடம் மாதங்கள் இல்லை. படிப்பு முடிந்தபின் வேலையில்லாமல் அந்த நாட்டில் இருக்கக் கொடுக்கிற கெடு கொஞ்சம்தான். கெடு முடிந்தது. பெட்டியைக் கட்டினான். விமான நிலையத்தில் அவனைக் கட்டிப்பிடித்தபோது மரக்கட்டையைப் பிடித்தது போல இருந்தது. "எங்கப்பன் போட்டான் பாரு பேனரு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

இந்தப் பக்கம் மீனம்பாக்கத்தில் பெரியப்பா தனியாக வேனோடு நின்றாராம். மகன் முன் சீட்டில் ஏறவில்லை. தொழிற்சாலைப் பெண்கள் உட்காருகிற கடைசிச் சீட்டில் போய் உட்கார்ந்தான். படாளம் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. "கண்ணாடியில பாத்துகினே வந்தன்டா. ஒரு வாட்டியாவது நிமுந்து பாப்பான்னு" என்று பெரியப்பாவே என்னிடம் போனில் சொன்னார். நான் கேட்காமல் அவராகச் சொன்னது அதுதான் கடைசி.

மகன் திருப்போரூரில் மனை விற்கிற ஓர் ஆபீஸில் கணக்கு பார்க்கப் போனான். ஒரே வீடு, ஒரே சோறு, அப்பாவிடம் பேச்சு மட்டும் இல்லை. பெரியம்மாதான் இடையில் கிடந்து அல்லாடினாள். "வண்டிக்கி இன்சூரன்ஸ் கட்டணுமாம்னு அவன் கிட்ட சொல்லு." "கட்டிட்டேன்னு அவர் கிட்ட சொல்லு." நடுவில் ஒரு சுவர்கூடக் கிடையாது, அவ்வளவும் இருவர் காதிலும் விழும்.

பெரியப்பா வாயை மூடிக்கொண்டார். யாரும் மூடச் சொல்லவில்லை. இனிமேல் எதையும் எவரிடமும் சொல்வதில்லை என்று அவராக முடிவெடுத்துவிட்டார். வேன் சாவி இடுப்புக்கு ஏறியது. பீரோ பூட்டிக்கொண்டது.

அடுத்த வருடம் தங்கை கல்யாணத்துக்கு நான் ஊருக்கு வரவிருந்த சமயம், அங்கே காலேஜில் எங்களுக்கு ஒரு வருடம் மூத்தவன் ஒருவன் என்னைக் கூப்பிட்டான். என் நண்பன் இன்டர்ன்ஷிப் செய்த அதே சின்னக் கம்பெனியில் இவனும் செய்தவன். "உன் ரூம்மேட்டுக்கு ஆச்சே, அதேதான்டா எனக்கும். அங்க இன்டர்ன்ஷிப் பண்ண அத்தன பேருக்கும் ஆயிருக்கு. கம்பெனில இருந்தே நம்பரெல்லாம் வெளிய போயிருக்கு. இப்பதான் ஒத்துக்கறாங்க" என்றான். என் நண்பன் நம்பரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, பட்டியலில் பார்த்ததாகவும், அவனுக்கான கடிதம் நாங்கள் காலி செய்த பழைய வீட்டுக்குப் போயிருக்கும் என்றும் சொன்னான். கிடங்கில் வேலை பார்த்தவனும் அதே வழியில் வந்தவன்தான், தன் நம்பரிலும் அதே கிடங்கில்தான் ஒருவன் சம்பளம் வாங்கியிருக்கிறான் என்றான்.

போன வேலையும் விசாவும் இனித் திரும்பாது, ஆனால் பேனர் காரணமில்லை. பேனரைப் பார்த்தவர்கள் ஜிஎஸ்டி ரோட்டில் போன லாரிக்காரர்களும் எங்கள் சொந்தக்காரர்களும்தான். அதில் எவனுக்கும் அந்த ஒன்பது எண்ணை வைத்து என்ன செய்வது என்றே தெரியாது.

விமானம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. நல்ல செய்தி கொண்டுபோகிறோம் என்ற துடிப்பு. கல்யாண வேலையை விட்டுவிட்டு மறுநாளே படாளம் ஓடினேன். கூட்ரோட்டில் பெரியப்பா வேன் நின்றது. டீக்கடைக்காரரிடம் சர்க்கரை எப்படி இருக்கிறது பெரியப்பாவுக்கு என்று கேட்டேன். "யாருக்குபா தெரியும்? வரார், குடிக்கறார், போறார். வாயே தொறக்கறதில்ல" என்றார்.

பெரியப்பா இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். வேனில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு வரை வந்து கொளவாய் ஏரி ஓரம் நிறுத்தினார். நான் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முதலில் செய்தது, எட்டி என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றியதுதான்.

"நெசமாவா?"

"சத்தியமா பெரியப்பா. உங்களால இல்ல. பேனர் போடலன்னாலும் அவனுக்கு இதேதான் ஆயிருக்கும்."

ஸ்டீரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. நான் விட்டுவிட்டேன், அழட்டும் என்று. எனக்கும் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அவனுக்கு தெரியுமா?"

"இல்ல. சாயங்காலம் வீட்டுக்கு வந்து நானே சொல்றேன்."

"வேணாம்."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

"வேணாம்டா. பெத்தவங்கிட்ட இத்தினி நாளா பேசாம கீறான். நான் ஒன்னும் பண்ணலன்னு தெரிஞ்சா அவன் இன்னா ஆவான்? அத நெனச்சி நெனச்சியே செத்துடுவான்டா. அவன் கொணம் எனக்கு தெரியும். இப்ப எம்மேல கோவமாவது கீது அவனுக்கு. அத வெச்சிகினுதான் காலைல எழுந்து வேலைக்கி போறான். அதையும் புடுங்கிகினா அவங்கிட்ட இன்னா கீது?"

"அதுக்காக நீங்க..."

"நான் பண்ணதாவே இருக்கட்டும். எனக்கு தெரிஞ்சிடுச்சில்ல, போதும். யார்கிட்டயும் சொல்லிடாத. உங்க பெரீம்மா கிட்ட கூட."

நான் வாதாடினேன். கோபப்பட்டேன். இது அநியாயம் என்றேன். அவர் என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். நரைத்த முடி வேர்வையில் நனைந்திருந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். நண்பன் என்னோடு மட்டும் பேசினான். பெரியப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ஊருக்கே எல்லாவற்றையும் கூவிச் சொன்ன மனுஷன், தன் மேல் தப்பில்லை என்ற ஒன்றை மட்டும் சோற்றோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். என்னால் பார்க்க முடியவில்லை.

நான் அமெரிக்கா திரும்பிய அடுத்த குளிர்காலத்தில் அவர் போய்விட்டார். காலில் புண் வந்து, யாரிடமும் சொல்லாமல் துணியைச் சுற்றிக்கொண்டே வேன் ஓட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் முற்றிவிட்டது.

காரியம் முடிந்தபின் நண்பன் போன் செய்தான்.

"எனக்கு கோவமெல்லாம் போயி ரொம்ப நாளாச்சிடா. சாப்டியாப்பான்னு ஒரு வார்த்த கேக்கலாம், கேக்கலாம்னு இருந்தேன். அவர மன்னிச்சிட்டேன்னு சொல்லவே இல்லடா. அது தெரியாமயே போயிட்டாரு" என்று சொல்லி அழுதான்.

என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும்டா" என்றேன்.